கண் டாக்டருக்கு டிமிக்கி

இனி என் கண்ணுக்கு வைத்தியம் பார்க்கப் போவது டாக்டர் அல்ல, கீரைதான் என்று முடிவு செய்தேன்.

என்னைப் போன்ற சர்க்கரை நோய்க்காரர்களின் விழித்திரையைச் செடிகளில் உள்ள மஞ்சள் நிறமி காக்கக்கூடும் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். நான் தையல்காரன். டாக்டர் பார்த்துவிட்டு, "மெஷினை மூடி வையுங்க" என்று சொல்லிவிட்டால்? கீரை அப்படியெல்லாம் சொல்லாது. மூன்று வேளையும் கீரை. நடுவில் அதே நிறமிக்காகச் செண்டுமல்லி இதழ்ச் சத்து மாத்திரை. மாடு பார்த்தால் பங்குக்கு வரும்.

"ஏங்க, அந்தச் சத்தை யாருக்குக் குடுத்துப் பார்த்தாங்களாம்?" என்றாள் மனைவி.

"எலிக்கு. கண்ணு நல்லா ஆயிடுச்சாம்."

"ஆகும். எலி டாக்டரைக் கண்டு பயந்து ஓடலையே!"

"எனக்கென்ன பயம்? பார்வை தெளிஞ்சாச்சு."

"அப்படியா? நேத்து கடை பொம்மையைப் பார்த்து, 'வாங்க, உட்காருங்க'ன்னீங்களே?"

"அது மரியாதை."

"சரி. இந்த ஊசியில நூல் கோத்துக் காட்டுங்க. கோத்துட்டா டாக்டர் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லேன்னா இன்னைக்கே கிளம்பணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையும் இவ்வளவு மலிவாக விட்டுக்கொடுத்ததில்லை. நான் அதை யோசிக்கவில்லை. எனக்கு என் காலர் தைரியம். கடையில் பட்டன் கட்டும் அம்மாவிடம் தினமும் ஊசிகளில் நூல் கோத்து வாங்கி, காலருக்கு அடியில் குத்தி வைத்துக்கொள்வேன். இது வீட்டுக்குத் தெரியாது என்பது என் நம்பிக்கை.

"வெளிச்சம் பத்தலை" என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவள் கொடுத்த ஊசி சட்டைப் பைக்குள் போனது. என் ஊசி கைக்கு வந்தது. நியாயமாக இருக்கட்டும் என்று கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டும் நின்றேன்.

"இந்தா, பார்!"

வாங்கிப் பார்த்தாள். நூலை இழுத்துப் பார்த்தாள்.

"அடடா, கீரைன்னா இதுதான் கீரை!"

"நான்தான் சொன்னேனே."

"உங்க கண்ணை மட்டுமா சரி பண்ணியிருக்கு? ஊசிக்கே புதுசா காது முளைச்சிருக்கு!"

"என்ன சொல்றே?"

"நான் குடுத்தது காது உடைஞ்ச ஊசிங்க. அது மொட்டையா இருந்ததுகூட உங்களுக்குத் தெரியலை." அவள் குரல் இறங்கியது. "தையல் போனாப் போகட்டும். கண்ணு வேணும்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாசலில் ஹாரன் அடித்தது.

ஊசியைக் கொடுப்பதற்கு முன்பே அவள் ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தாள்.