கம்பிக்கு வந்த களைப்பு

புதன்கிழமையும் கம்பி பாதியில் நின்றுவிட்டது.

கணித ஆசிரியர் சவுரிராயன் கல்லூரியில் தன் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு மறுபடி அளந்தார். செங்கோணமாக வளைத்து வெந்நீரில் போட்ட நிக்கல்-டைட்டானியம் கம்பி, தன் பழைய வடிவம் நினைவுக்கு வந்து முழுக்க நிமிர வேண்டும். அவருடைய சமன்பாடுகள் அப்படித்தான் சொல்லின. திங்களன்று எண்பது டிகிரி நிமிர்ந்தது. செவ்வாயன்று அறுபத்தைந்து. இன்று ஐம்பது.

வெள்ளிக்கிழமை வழிகாட்டிப் பேராசிரியை இருதயசெல்வி நேரில் பார்க்க வருகிறார். கணக்கும் கம்பியும் ஒத்துப்போகாவிட்டால் ஆறு வருட ஆராய்ச்சி போய்விடும். முனைவர் பட்டப் பதிவுக் காலம் இந்த மாதத்தோடு சரி.

யாரோ கை வைக்கிறார்கள்.

கதவைத் திறந்தால் எதிர் அறை இயற்பியல் ஆசிரியர் தாண்டவராயன் நின்றிருந்தார்.

"இன்னா சவுரி, கம்பி முரண்டு பண்ணுதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ போடற கத்தல் திண்டிவனம் ஸ்டேஷன் வரைக்கும் கேக்குதேப்பா!"

அந்தச் சிரிப்பே சவுரிராயனுக்குச் சாட்சியாகப் பட்டது. காலி ஃபிளாஸ்க்கைக் கடுகடுத்த முகத்தோடு, தினமும் அதில் வெந்நீர் கொண்டுவரும் கேன்டீன் வேணியிடம் கொடுத்துவிட்டு, கம்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பாசஞ்சரில் ஏறினார்.

வீட்டில் மனைவியிடம் நகப்பூச்சு கேட்டார்.

"எதுக்குங்க?"

"கம்பியில அடையாளம் வெக்கணும். எவனோ மாத்தறான்."

"இதையா? பழைய இரும்புக்காரன்கூட சீண்ட மாட்டான். எவன் மாத்துவான்?"

வியாழக்கிழமை சிவப்புப் பொட்டு அழியாமல் இருந்தது. கம்பி மாறவில்லை. ஆனால் முப்பத்தைந்தில் நின்றது.

சந்தேகம் வெந்நீரின் பக்கம் திரும்பியது. கேன்டீனுக்கே போனார்.

"வேணி, தண்ணி கொதிச்சதுதானே? பொய் சொல்லக் கூடாது."

"தளதளன்னு கொதிச்சி எறக்குனது சார். எம் புள்ளை மேல சத்தியம்."

கொதித்த தண்ணீர் நூறு டிகிரி. அதற்கு மேல் வெப்பமானி வைத்து அளப்பது கணிதத்தை அவமதிப்பது என்று நினைப்பவர் சவுரிராயன். ஃபிளாஸ்க்கை முன்னைவிடக் கடுப்பாக நீட்டிவிட்டுத் திரும்பினார்.

ஆக, ஆள் குற்றவாளி இல்லை. தண்ணீரும் இல்லை. மிச்சம் கம்பி ஒன்றுதான். அதற்கே ஞாபகம் மங்குகிறது! அன்றே பழைய சமன்பாட்டைக் கிழித்துப் போட்டு, 'களைப்புக் கெழு' என்று ஒன்றைச் சேர்த்துப் புதிதாக எழுதினார். நாளுக்குப் பதினைந்து டிகிரி மறதி. வெள்ளிக்கிழமை இருபதில் நிற்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை இருதயசெல்வி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வெந்நீரில் கம்பி சோம்பலாக அசைந்து, இருபதில் நின்றது. ஒரு மயிரிழை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

"உலோகம் இவ்ளோ ஒழுங்கா மறக்கும்னு யாருமே எழுதலை சவுரி. இதான் உங்க கண்டுபிடிப்பு!"

கையெழுத்துப் போட அவர் பேனா மூடியைத் திறந்தார். தாண்டவராயன்கூட முன்னால் வந்து கைகுலுக்கினார். அந்தக் கையையே சந்தேகப்பட்டோமே என்று சவுரிராயனுக்கு வெட்கமாக இருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, வாசலில் நின்ற வேணியிடம் ஃபிளாஸ்க்கைக் கொடுத்தார்.

"அப்பாடா, இன்னிக்குதான் சார் சிரிக்கிறீங்க! தெனம் மூஞ்ச சுளிச்சிக்கினே குடுத்தீங்களா, வெந்நி குடிச்சி வாய் வெந்துடுச்சு போலன்னு நானும் ஒவ்வொரு நாளும் ரெண்டு ஆத்து சேத்து ஆத்தித்தான் ஊத்திக்கினு வர்றேன்."