மச்சானுக்கு ஒரு பாட்டு

மகள் கல்யாணத்தில் ஆசையாகப் பாட எழுந்த லேத் பட்டறைக்காரரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியவர் மச்சான். பேரன் பள்ளிக்கூடம் போகிற வயசாகியும் பட்டறைக்காரர் அதை மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வருகிறார். அதற்குள் சுத்தமான பாட்டு ஒன்றைப் பதிவு செய்து அவர் காதில் ஊற்றுவதென்று பட்டறைக்காரர் சபதம் போட்டார்.

மருமகன் வேண்டாமென்று விட்டுப்போன பழைய கையடக்க ரெக்கார்டர் இருந்தது. மூச்சுக் காற்று அடிக்காமலிருக்க அதன் தலையில் பழைய சாக்ஸை மாட்டினார். மேஜை அதிராமலிருக்க அடியில் துண்டை மடித்து வைத்தார். செலவு, புது பேட்டரி மட்டும்.

இரும்பு கடைந்து கடைந்து அவர் காது மந்தம். மனைவிக்குப் பாம்புக் காது. அதனால் இயர்போன் அவள் காதில். பதிவுப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது. தொண்டையைச் செருமிப் பாடினார்.

"நிறுத்துங்க. சொட்டு சொட்டுன்னு கேக்குது."

"என்னது?"

"அடுப்படிக் குழாய். உங்க பாட்டுக்குத் தாளம் போடுது."

"தப்பாவா போடுது?"

"அது சரியாத்தான் போடுது. நீங்கதான் பிந்துறீங்க."

வருஷக்கணக்காக அவள் புலம்பிய குழாய். அன்றே வாஷர் மாற்றினார்.

மறுநாள், "ஃபேன் கடகடங்குது."

"நிறுத்திட்டுப் பாடறேன்."

"வேர்த்தா குரல் பிசிறுமே. பாடகருக்குக் குரல்தானே முக்கியம்?"

பாடகர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் ஏணி எடுக்கப் போய்விட்டார்.

அப்புறம் பீரோக் கதவுக்கு எண்ணெய். ஆடுகிற கட்டில் காலுக்கு ஆணி. உறுமுகிற ஃபிரிட்ஜுக்கு அடியில் அட்டை. வீடு ஊமையாகிவிட்டது.

ஞாயிறு மத்தியானம் முழுப் பாட்டையும் பாடி முடித்தார். மனைவி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மச்சான் வந்துவிட்டார்.

சாப்பாடு முடியட்டும் என்றுகூடப் பட்டறைக்காரர் காத்திருக்கவில்லை. "மச்சான், உக்காருங்க. கேளுங்க!" ஒலிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடித் தலையாட்டினார்.

மச்சான் காத்திருந்தார். ரெக்கார்டரைத் தூக்கிக் காதோடு ஒட்டிப் பார்த்தார். பிறகு மனசாரச் சொன்னார்:

"மாப்பிள்ளை, நீங்க பாடினதிலேயே இதுதான் இனிமை. இரைச்சலே இல்ல!"

"நான் சொல்லல?"

"பாட்டும் இல்ல."

பட்டறைக்காரர் கண்ணைத் திறந்தார். மனைவி நிதானமாகத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"விளக்கு மினுக்கினா தயாரா இருக்குன்னு அர்த்தம்ங்க. இன்னொரு தடவை அழுத்தி, நின்னு எரிஞ்சாத்தான் பதிவாகும். மருமகன் அன்னைக்கே சொன்னாரு."

"அப்ப நீ கேட்ட சொட்டு? கடகட?"

"இயர்போன்ல வீடு நல்லாவே கேட்டுச்சு. பதிவாகலை, அவ்வளவுதான்."

"அடிப்பாவி! ஏன் முதல்லயே சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். பாத்ரூம் தாழ்ப்பாள் ஒண்ணு பாக்கி இருக்கேன்னு பாத்தேன்."