ஐயாவுக்கு ஓர் இடம்

"சனிக்கிழமையும் சீலை கட்டிக்கொண்டு எங்கை பிள்ளை வெளிக்கிட்டிட்டாய்?"

"கண் டொக்டரிட்டை, ஐயா."

"ஆரிட்டை?"

"கண் டொக்டரிட்டை!"

குணலட்சுமி கத்தியது பக்கத்து வளவு வரை கேட்டது. அவளுடைய தகப்பன் சோமசேகரத்தாருக்கு எண்பது வயது, காது கேளாது. அவரிடம் பொய் சொல்வதென்றாலும் ஊரறியத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

உண்மையில் அவள் தேடிப் போனது முதியோர் இல்லம் ஒன்றை. போன மாதம் சண்டிலிப்பாய்க்கு மேலே குண்டு போடும் பொம்மர் சுற்றியபோது, ஐயா பதுங்குகுழியான பங்கருக்குள் இறங்காமல் முற்றத்தில் வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். சத்தம் கேட்டால்தானே இறங்குவதற்கு? அதை அறிந்த நாளிலிருந்து அவள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்றாலும் நெஞ்சு வீட்டு முற்றத்திலேயே கிடந்தது. கலியாணம் செய்யாத ஒற்றைப் பிள்ளை. பகலில் அவரை யாரிடம் விடுவது? 'பெற்ற தகப்பனைக் கொண்டுபோய் விட்டாள்' என்று ஊர் சொல்லப்போவதை அவளே தனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

முதலில் பார்த்தது அம்மன் கோயிலோடு சேர்ந்த மடம். சைவச் சாப்பாடு, காலை மாலை தேவாரம், எல்லாம் திறம்.

"பங்கர் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"அம்மாளாச்சி இருக்கிறா, பிறகென்ன பங்கர்?" என்றார் மடத்துக்காரர்.

வீட்டுக்கு வந்தால், அவளுடைய வகுப்புக் கணக்குக் கொப்பிகளை ஐயா திருத்தி முடித்திருந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் நூறு.

"கண் தெரியாமல் நீ ஏன் மாயிறாய்? இனி நான் பாக்கிறன்."

"கண்ணிலை ஒண்டுமில்லையாம், ஐயா! நாரிப்பிடிப்புத்தான்!"

அடுத்த சனிக்கிழமை வெளிக்கிட அந்த இடுப்பு நோவே சாட்டாக உதவியது. ஒரு விதவை தன் வீட்டிலேயே நாலைந்து வயோதிபரை வைத்துப் பராமரித்தாள். அங்கே பங்கர் இருந்தது. அதற்குள் விறகு அடுக்கியிருந்தது.

திரும்பி வந்தபோது வாளியும் கயிறும் கிணற்றுக்குள் கிடந்தன. நாரி நொந்த மகளுக்கு ஐயா குளிக்கத் தண்ணீர் அள்ளியிருக்கிறார். பக்கத்து வளவு மாமி நொச்சியிலையோடு வந்து நின்றாள்.

"நாரிக்கு இதை அவிச்சு ஒத்தணம் குடு, பிள்ளை. கண்ணும் தெரியாமல் போட்டுதாமே?"

"ஐயோ மாமி, சும்மா தலைச்சுத்துத்தான்!"

மாமி அதை ஐயாவின் காதுக்குள் கத்திவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் எழுந்தால் ஐயாவும் எழுந்தார். இருந்தால் தலையணை கொண்டுவந்து முதுகுக்கு வைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒருநாள், வெளுத்த வேட்டியும் புழுதிக் காலுமாக வாசல் படலையில் நின்றார்.

"எங்கை ஐயா போட்டு வாறியள்?"

"கோயிலுக்கு. நீ சாப்பிட்டியோ?"

இத்தனை வருடங்களில் யாரும் அவளை இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. பொய்யான நோய்க்குக் கிடைத்த மெய்யான கவனிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் கூடுதலாகச் சுட்டது. அவர் அவளுக்குத் தலையணை வைக்கிறார். அவளோ அவரைக் கொண்டுபோய் விட இடம் தேடுகிறாள். என்றாலும் பொம்மர் சத்தம் கேட்கும்போதெல்லாம் முற்றத்தில் நிற்கும் ஐயாதான் கண்ணுக்குள் வருகிறார்.

மூன்றாவது இடம் யாழ்ப்பாணத்தில் சிஸ்டர்மார் நடத்திய இல்லம். பங்கருக்குப் படி இருந்தது, பிடித்து இறங்கக் கைப்பிடி இருந்தது, கூட்டிப் போக ஆளும் இருந்தது. இனித் தட்டிக்கழிக்க ஒரு காரணமும் இல்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"சண்டிலிப்பாயிலையிருந்து வாறன், சிஸ்டர். குணலட்சுமி. ஐயாவுக்குக் காது கேளாது... சோமசேகரம் எண்டு பேர்..."

சிஸ்டர் கத்தரீனா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களோ அந்தக் குணலட்சுமி? நடக்கவே ஏலாத ஆளெண்டெல்லோ நினைச்சன்; தனக்குப் பிறகு வருத்தக்காரப் பிள்ளையை ஆர் பாக்கிறதெண்டு போன கிழமை உங்கடை ஐயா வந்து, உங்களுக்கெண்டு யன்னலோரக் கட்டிலொண்டிலை தானே படுத்துப் பாத்திட்டுப் போனவர்!"