மூக்கச் சிந்துனா முக்காக் கிலோ

"அந்தப் பாட்டு மட்டும் வேண்டான்டா," என்று கமலேஷ் மறுபடியும் கெஞ்சினான்.

மேடையில் ஸ்பீக்கருக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்த பிரைட்டன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன் நிச்சயத்துக்கு உன் பாட்டப் போடாம, பின்ன யாரு பாட்டப் போடறது?"

அரவேணு சமுதாயக் கூடத்தில் கமலேஷுக்கும் வனிதாவுக்கும் இன்னும் சற்று நேரத்தில் நிச்சயதார்த்தம். கமலேஷ் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். எவ்வளவு பெரிய மோட்டார் நின்றாலும் பதறாதவன், ஒரு பாட்டுக்காக வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

பதினைந்து வருடங்களுக்கு முன் அவன் எம்.சி. கொழுந்து. அந்தக் காலத்தில் கோத்தகிரி வட்டாரத்தில் பத்து வீட்டுக்கு ஒரு ராப் பாடகன் இருந்தான். ஜெகதளா கோஷ்டி, வீடியோவில் வருகிறவர்களைப் பார்த்துக் கையில்லாத பனியனோடு பாடி, மார்கழிக் குளிரில் மொத்தமாகக் காய்ச்சலில் படுத்தது. கமலேஷின் கோஷ்டிக்கு அந்த வீரமெல்லாம் கிடையாது. ராப் என்றால் கையை ஆட்டிப் பாட வேண்டும். இவர்களோ கடைசி வரை சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. கேரட் கழுவும் ஷெட்டில் மெஷின் ஓடும் சத்தமே தாளம். ஜலதோஷம் பிடித்த நாட்களில் பிரைட்டனின் மூக்கு உபரி தாளம்.

அப்படிப் பிறந்ததுதான் 'தண்ணிக் கழிவு'. மழையில் நனைந்த கொழுந்தை எடை போடும்போது, தண்ணீருக்கென்று எடைக்காரர் கொஞ்சம் கழிப்பார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது அவருடைய மனசாட்சியைப் பொறுத்தது.

*நனையாத எலைக்கும் நாலு கிலோ கழிவு,*
*மங்கி கேப்பு அண்ணனுக்கு மனசில்ல கனிவு.*
*மழ பெஞ்சாக் கழிப்பாரு, பனி பெஞ்சாக் கழிப்பாரு,*
*மூக்க நீ சிந்துனாலும் முக்காக் கிலோ கழிப்பாரு.*

செல்போனுக்குச் செல்போன் தாவி, மினி பஸ் ஏறி, மலை முழுக்கப் பரவியது பாட்டு. மங்கி கேப் அண்ணன் யாரென்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இந்த மலையில் மங்கி கேப் போடாத எடைக்காரரே கிடையாது என்பதால் கமலேஷ் சிரித்தே சமாளித்துவிட்டான். அது யாரென்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனுடைய அம்மா பறித்த கொழுந்தை எடை போட்ட பொன்னுத்துரை. வனிதாவின் அப்பா.

காதல் வந்து தொலையும் என்று பாட்டெழுதும்போது யார் கண்டது? பொன்னுத்துரை இரண்டு வருடம் கமலேஷின் பெயரைக் கேட்டாலே எழுந்து போனார். பிறகு தை மாதத்தில் ஒருநாள் திடீரென்று, "அந்தப் பயலயே கட்டிக்க," என்று மகளிடம் சொல்லிவிட்டார். முருகன் கண்ணைத் திறந்தான் என்று கமலேஷ் மொட்டை போட்டுக்கொண்டான். முடி இப்போதுதான் சீப்பில் நிற்கிற அளவுக்கு வளர்ந்திருந்தது.

"டேய், மாமாவுக்கு ராப் கேட்டாத் தலவலி வந்துரும்டா," என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன," என்று பிரைட்டன் இறங்கி வந்தான். கமலேஷுக்குப் பாதி உயிர் திரும்பியது.

ஆனால் பிரைட்டன் நல்லவன். நல்லவர்களால் வருகிற தொல்லைக்கு மருந்தே இல்லை. நேராக வாசலுக்குப் போய்ப் பொன்னுத்துரையிடம், "ஏனுங்க, உங்களுக்குத் தலவலிங்களாமா? பாட்டு வேண்டாம்னு மாப்ள சொல்றானுங்க," என்று அக்கறையாக விசாரித்துவிட்டுத் திரும்பினான்.

"தலவலியெல்லாம் ஒண்ணுமில்லயாம். கழிவுப் பாட்டுத்தான் மொதல்ல வரணும், நல்லாச் சத்தமா வைங்கன்னு சொல்லிட்டாரு."

மாமாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஊரைக் கூட்டி வைத்து, பாட்டைப் போட்டுக் காட்டி, நடுச் சபையில் சட்டையைப் பிடிக்கப் போகிறார்.

எட்டிப் பார்த்தான். பொன்னுத்துரை புது மங்கி கேப்போடு வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார். கட்டபெட்டுப் பக்கம் எடைக்காரராக இருந்த காளிமுத்துவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து முதல் வரிசையில் உட்கார வைத்தார். கோயில் மாலை விவகாரத்தில் இருவருக்கும் பல வருடங்களாகப் பேச்சே கிடையாது. "பொண்ணு விசேசத்துக்குப் பகைய மறந்துட்டாரு பாருங்க, பெரிய மனசு," என்று சனம் பேசிக்கொண்டது. ஸ்பீக்கருக்கு நேர் எதிராகவே காளிமுத்துவுக்கு நாற்காலி போட்டிருந்தார்.

பாட்டின் முதல் தாளம் 'டம்' என்று விழுந்தது. கமலேஷ் சமையலறைப் பக்கம் ஓடி, மெயின் போர்டைத் திறந்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினான். பதினெட்டு வயதில் கற்ற தொழில் ஆபத்துக்கு உதவியது.

ஸ்பீக்கர் செத்தது. கூடம் அமைதியானது.

அந்த அமைதியில், பின் வரிசையிலிருந்த எஸ்டேட் பெண்கள் கையைத் தட்டிக்கொண்டு ஆரம்பித்தார்கள். "நனையாத எலைக்கும் நாலு கிலோ கழிவு..."

கரண்ட்டை நிறுத்தலாம், கொழுந்து பறிக்கிறவர்களின் வாயை எந்த ஃபியூஸைப் பிடுங்கி நிறுத்துவது? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. நூறு பேர் பாடினார்கள். பொன்னுத்துரை தேடி வந்து கமலேஷின் தோளில் கை போட்டு, மேடைக்கு நடத்திப் போனார்.

"பாடுன வாயே இங்கதான் இருக்கு. நீங்க பாடுங்க மாப்ள. முன்னால இருக்கறவங்களுக்கு நல்லாக் கேக்கட்டும்."

கமலேஷ் வனிதாவைப் பார்த்தான். பட்டுப் புடவையில் அவள் 'பாடேன்' என்பதுபோலத் தலையசைத்தாள். இவளை இழந்துவிட்டு மோட்டாருக்கு வைண்டிங் சுற்றிக்கொண்டு வாழ்வதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எம்.சி. கொழுந்து மூளையைக் கசக்கி, வார்த்தையை மாற்றினான்.

"மழ பெஞ்சாப் பொறுப்பாரு, பனி பெஞ்சாப் பொறுப்பாரு, மூக்க நீ சிந்துனாக் கைக்குட்டையும் குடுப்பாரு..."

கைதட்டல் நின்றது. முதல் வரிசையில் காளிமுத்து, சந்தேகத்தோடு தன் மங்கி கேப்பைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டார். பொன்னுத்துரையின் முகம் சுருங்கியது.

"வார்த்தைய ஏன் மாத்துறீங்க மாப்ள? எழுதுனத எழுதுனபடி பாடுங்க."

"வேண்டாங்க மாமா..."

"யாருக்குப் பயப்படறீங்க? நான் இருக்கேன்ல."

வேறு வழியில்லை. கமலேஷ் தடாலென்று பொன்னுத்துரையின் காலில் விழுந்தான்.

"மன்னிச்சிருங்க மாமா. சின்ன வயசுங்க. எங்கம்மா அழுதுட்டு வந்துச்சுங்க, கோவத்துல எழுதிப்புட்டேன். அந்த மங்கி கேப்பு வேற யாருமில்லீங்க, நீங்கதானுங்க."

எங்கோ ஒரு டம்ளர் உருண்டது. அதன் பின் காளிமுத்து சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால், கடைசியில் நாற்காலியோடு. பொன்னுத்துரை கேப்பைக் கழற்றி மடித்தார். யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

கமலேஷ் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இத்தனை வருடப் பாரம் இறங்கியதில் நெஞ்சு லேசாகிவிட்டது. உண்மையைச் சொன்னவனைக் கடவுள் கைவிட மாட்டான்.

வனிதாவின் அம்மா ஆண்டாயி மேடைக்கு வந்து, தாம்பூலத் தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அத்த, மாமா மன்னிச்சிருவாருங்களா?"

"மன்னிக்கறது கெடக்கட்டும் தம்பி," என்றாள் ஆண்டாயி. "அந்தக் காளிமுத்துவ மலையே சிரிக்கப் பாடுன பயன்னு நெனச்சுத்தான், உங்களுக்குப் பொண்ணு தரவே இந்த மனுசன் ஒத்துக்கிட்டாரு."