கிசிமானி காவல் நிலையத்தின் வாடிக்கையாளர்கள்

நைரோபியின் கிசிமானி பேட்டையில் இனிமேல் சந்தேக நபர் என்று எவருமே கிடையாது என அரசு முடிவு செய்தது. காவல் நிலையத்துக்கு வருகிறவர், வரவழைக்கப்படுகிறவர், இழுத்து வரப்படுகிறவர் அனைவரும் 'வாடிக்கையாளர்' என்றே அழைக்கப்பட வேண்டும் என்று மேலிடம் ஆணை பிறப்பித்தது. போலீசாருக்குப் புன்னகைக்கப் பயிற்சி கொடுத்தார்கள். சுவருக்கு நீல வண்ணம் பூசினார்கள். லத்தியை மட்டும் மாற்றவில்லை. அது நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

வண்ணம் காய்வதற்குள் நியாபோக்கே வந்து சேர்ந்தாள். சந்தையில் மீன் வறுத்து விற்பவள். கார் கழுவிக்கொண்டிருந்த அவள் மகன் மொமான்யியை இந்த நிலையத்து ஜீப் அள்ளிக்கொண்டு போய் ஒரு வாரமாகிறது. அவன் போன் அணைந்து கிடந்தது. பிணவறையிலும் தேடிவிட்டாள், இல்லை. அவளுக்குப் பின்னால் பேட்டைத் தாய்மார் சங்கம் நின்றது. போலீசுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மட்டுமே அதில் சேரலாம். ஆனாலும் சங்கம் மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தது. உகாலிக் களி கிண்டும் கரண்டியால் சட்டிகளைத் தட்டிக்கொண்டே எல்லாரும் உள்ளே நுழைந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் முட்டிசோ பயிற்சிப்படி பல்லைக் காட்டினார்.

"வாங்க வாங்க, வாடிக்கையாளரே! சூடா மந்தாசி இருக்கு, சாப்பிடுறீங்களா?"

"மந்தாசி கிடக்கட்டும் அஃபாண்டே ஐயா. எம் புள்ள எங்க?"

"இங்க வரவே இல்லம்மா."

"உங்க ஜீப்புல ஏத்துனத ஊரே பார்த்துச்சு!"

"வந்திருந்தா சேவை செஞ்சிருப்போம். சேவை செஞ்சா, வாடிக்கையாளர் திருப்தின்னு சொல்லிட்டுத்தான் போவார். உங்க பையன் சொல்லலையே? அப்ப வரலைன்னுதானே அர்த்தம்?"

"எம் மவனுந்தான் சொல்லல," என்றாள் பின்னால் நின்ற நாலியாகா. "நெஞ்சுல குண்டை வாங்கிட்டு எப்படி அஃபாண்டே சொல்லுவான்?"

"அது போன வருஷம்மா. அப்ப நீங்கல்லாம் வாடிக்கையாளர் ஆகல."

சட்டிகள் மறுபடி முழங்கின.

"மெதுவாம்மா! மத்த வாடிக்கையாளருக்குத் தொந்தரவா இருக்கும்ல?"

லாக்கப்பில் யாரோ முனகினார்.

"வயசுப் பையன். எவளாவது காதலி வீட்ல கிடப்பான்," என்றார் முட்டிசோ. "நம்பிக்கை இல்லன்னா இப்பவே போன் அடிச்சுப் பாருங்க."

நியாபோக்கே அடித்தாள். இத்தனை நாள் ஊமையாக இருந்த போனில் மணி போனது. அவளுக்கு உயிரே திரும்பி வந்தது போலிருந்தது. பக்கத்திலேயே ஒரு போனும் அலறியது. மேசையருகே நின்ற கான்ஸ்டபிள் செரோனோ சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தான், விறைப்பாக நிமிர்ந்தான், குரலில் தேன் ஒழுகப் பேசினான்:

"வணக்கம்! கிசிமானி வாடிக்கையாளர் சேவை நிலையம். தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

அந்தக் குரல் அறையிலும் கேட்டது, அவள் காதிலும் கேட்டது. என்ன கூத்து இது என்று தாய்மார் சிரித்துவிட்டார்கள். முட்டிசோவும் சிரித்தார். பாவம், நியாபோக்கேயும் சிரித்துவிட்டாள். அப்புறம்தான் அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். கண்ணாடி விரிசல் விட்ட அந்தப் போன் மொமான்யியுடையது.

"டேய், வைடா போனை!" என்று பல்லைக் கடித்தார் இன்ஸ்பெக்டர்.

"எப்படி ஐயா? வாடிக்கையாளர் வைக்கிற வரைக்கும் நாம வைக்கக் கூடாதுன்னு பயிற்சியில சொன்னாங்களே!"

நியாபோக்கே அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சங்கமும் உட்கார்ந்தது. அவள் செரோனோவின் முகத்தைப் பார்க்காமல் போனுக்குள்ளேயே பேசினாள்.

"நான் வைக்க மாட்டேன். எம் புள்ளயக் கூப்பிடு."

செரோனோ போனைக் காதோடு ஒட்டிவைத்தபடி நின்றான். சட்டத்தையும் நீதிமன்றத்தையும் கால் தூசியாகக்கூட மதித்தறியாத அந்த நிலையம், முதல்முறையாக ஒரு விதியை மீறாமல் காத்துக்கொண்டிருந்தது. பதில் சொல்வதற்கு மட்டும் யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.