குட்டி யானை எஞ்சின் வைத்த பத்மினி

அன்பு காட்டியே ஒரு குடும்பத்தை உடைத்த ஆள், நாகல் நகரில் எனக்குத் தெரிந்து பிஸ்டன் ஒருவர்தான். மற்ற வீடுகள் நிலத்துக்காக உடைந்தன, நகைக்காக உடைந்தன. அவர் வீடு ஓர் எஞ்சினால் உடைந்தது. அதுவும் அவரே வலியப் போய் வைத்துக் கொடுத்த எஞ்சின்.

பிஸ்டன் என்பது தெரு வைத்த பெயர். மனிதர் ஓர் இடத்தில் உட்காரமாட்டார், மேலும் கீழும் போய்க்கொண்டே இருப்பார். தொழில் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய அப்பா கட்டிய வீட்டின் ஒரு பாதியில் அவரும், மறு பாதியில் அவருடைய அண்ணன் குடும்பமும் இருந்தார்கள். அண்ணன் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். ஆகையால் இரண்டு பக்கத்து வசவும் எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

செத்த எஞ்சினை எழுப்பக் கூடாது, வேறு எஞ்சினைத்தான் வைக்க வேண்டும் என்பது பிஸ்டனின் கொள்கை. எதில் வேண்டுமானாலும் எதையும் வைப்பார். சித்தையன்கோட்டையில் ஒரு சொந்தக்காரருக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரில் மொபெட் எஞ்சினை வைத்துக் கொடுத்தார். அடித்த மருந்து முழுவதும் பக்கத்துத் தோட்டத்தில் போய் விழுந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனாராம். இன்னொரு முறை அண்ணன் மனைவியான மதினியின் கிரைண்டருக்கு ஏதோ ஒரு மோட்டாரை மாட்டினார். அன்றைக்கு அண்ணன் வீட்டில் இட்லி கிடையாது. அடுப்படிக்கு வெள்ளையடித்த மாதிரி இருந்தது.

அண்ணன் நேர் எதிர். அரிசிக் கடை வைத்திருந்தார். தேய்த்த சட்டை, எண்ணிப் போட்ட வார்த்தை. அவருக்கிருந்த ஒரே ஆசை, தன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையை அப்பாவின் பத்மினி காரில் அழைத்துவர வேண்டும் என்பது. கார் வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. எஞ்சின் இறுகிப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது, அதற்குச் சாமானும் கிடைக்கவில்லை. வாடகைக்கு நல்ல காராகப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் அண்ணன் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். பிஸ்டன் விடவில்லை. அப்பா காரில்தான் மாப்பிள்ளை வருவார் என்று சத்தியம் செய்தார்.

பத்மினிக்கு அவர் கொண்டுவந்து வைத்தது குட்டி யானையின் எஞ்சின். காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு போகுமே, அந்தச் சின்னச் சரக்கு வண்டிதான். பிஸ்டனின் சொந்த வண்டி, விபத்தில் முகம் நசுங்கிக் கிடந்தது. எஞ்சின் மட்டும் பிழைத்திருந்தது. அதை இறக்கிவைத்தபோது பானட்டுக்குள் இன்னொரு எஞ்சினுக்கும் இடம் மிச்சமிருந்தது. இரும்பு ஆங்கிளை வெட்டி வெல்டிங் வைத்து உட்கார வைத்தார். ஸ்டியரிங்கோடு இருந்த பழைய கியர் செத்துப்போக, தரையில் ஓட்டை போட்டுப் புதுக் கியரை மேலே கொண்டுவந்தார். அது முன்சீட்டில் உட்காருபவரின் முழங்கால் இருக்கும் இடத்தில் முளைத்தது. பிஸ்டன் கியர் மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் காலைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

கார் ஓடியது. நடுங்கிக்கொண்டு ஓடியது. பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்த மதினியின் வளையல் அத்தனையும் தானாகக் குலுங்கியது. அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

முகூர்த்தத்தன்று காலையில் லாட்ஜிலிருந்து மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கார் புறப்பட்டது. ஒட்டன்சத்திரத்துக்காரர்கள். மாப்பிள்ளை பின்னால், அவருடைய அப்பா முன்னால். "ஏனுங்க, இந்தக் கால நான் எங்கீங்க வெக்கறது?" என்று சம்பந்தி கேட்டதாகவும், கொஞ்ச தூரம் கையில் பிடித்துக்கொண்டு வரும்படி பிஸ்டன் சொன்னதாகவும் கேள்வி.

மண்டபத்துக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். பிஸ்டன் ஒன்றை மறந்துவிட்டார். எங்கள் தெருவுக்குத் தினமும் காலையில் குப்பை வாங்க வருவதும் ஒரு குட்டி யானைதான். சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. பச்சை வாளியும் நீல வாளியுமாகப் பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். மல்லிகைச் சரம் தொங்க மெதுவாக வந்த காரின் ஜன்னல் வரைக்கும் ஒருத்தி தூக்கக் கலக்கத்தில் வாளியைத் தூக்கிவிட்டாள். உள்ளே பட்டு வேட்டியில் மாப்பிள்ளை.

கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால், மண்டப வாசலில் சம்பந்தி, தம் பையனைக் குப்பை வண்டியிலா அழைத்துவந்தீர்கள் என்று நாலு பேருக்கு முன்னால் அண்ணனைக் கேட்டார். அண்ணன் தலைகுனிந்து நின்றார். பிறகு தம்பியிடம் குரல் உயர்த்தாமல் சொன்னார்:

"ஓன் எஞ்சினக் கழட்டிட்டுப் போயிரு. இனி ஏம் மூஞ்சியில முழிக்காத."

பிஸ்டன் கழற்றவில்லை. ஓடுகிற வண்டியை நிறுத்துவது பாவம் என்றார். அதோடு பேச்சு நின்றது. அண்ணன் காரைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார். பிஸ்டனுக்குச் சாவி எதற்கு? தினமும் காலையில் பானட்டைத் திறந்து, வயரை இழுத்துப் பிடித்து, எஞ்சினை ஓடவிடுவார். வீட்டுக்குள் அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டுவார். நடுவில் மாடியில் நான்.

சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். கார் தன் பெயரில் இருக்கிறது என்றார் அண்ணன். ஆர்.சி. புக்கில் இருக்கும் எஞ்சின் நம்பர் வேறு, ஆகையால் எஞ்சின் தன்னுடையது என்றார் பிஸ்டன். அப்படியானால் விற்றுவிடலாமே என்று ஒருவர் சொன்னார். விற்கக் கூடாது என்று இருவரும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

போன வருஷம் ஒரு மத்தியானம் அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. மதினி ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் கார்ச் சாவியோடு கொழுந்தனாரின் கதவைத் தட்டினார். அடுத்த நிமிஷம் கார் வாசலில் உறுமியது. பிஸ்டன் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல ஏற மாட்டேன்" என்றார்.

மதினி அழுதார். நான் கெஞ்சினேன். அவர் அசையவில்லை. ஆம்புலன்ஸ் வரக் காணோம். அந்த வழியாகப் போன ஆட்டோவை நிறுத்தி ஏற்றினோம். அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். பின்னால் பத்மினி வரும் சத்தம் கேட்டது.

"பின்னாடி வாரானா?" என்றார் அண்ணன்.

வருகிறார் என்றேன்.

"அது பாலம் ஏறாதே" என்றார். பிறகு பேசவில்லை.

கார் பாலம் ஏறவில்லைதான். பாதியில் நின்றுவிட்டது. பிஸ்டன் அதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் அண்ணன் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு, அண்ணன் ஏதாவது சொன்னாரா என்று பிஸ்டன் என்னிடம் கேட்டார். நானாக எதையாவது இனிப்பாகச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால், சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

"அண்ணன் சரியாத்தான் சொல்லியிருக்கு. அதுக்கு இழுவை பத்தாது" என்றார்.

அண்ணன் அதைச் சொன்னது கோபத்திலா, கவலையிலா என்று அவரும் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

மதினி காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு முன்பே பிஸ்டன் எஞ்சினைக் கழற்றி எடுத்துக்கொண்டார். அதை இன்னும் எதிலும் வைக்கவில்லை. தெருவில் யாரும் அவரிடம் வண்டி விடுவதும் இல்லை. ராசியில்லாத கை என்கிறார்கள்.

நேற்று மாடி ஏறி வந்தார். என் ஸ்கூட்டரில் என்னவோ சத்தம் வருவதாகவும், செத்த நேரம் கொடுத்தால் பார்த்துத் தருவதாகவும் சொன்னார்.

என் ஸ்கூட்டர் போன மாதம் வாங்கியது. அதில் ஒரு சத்தமும் இல்லை. சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.