பெட்டிக்கு வந்த ஜுரம்

திரையில் 38 என்ற எண்ணைப் பார்த்ததும் இளவரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். காலையிலிருந்து இருபத்தாறிலேயே நின்றிருந்த எண் அது.

கூடத்தில் ஜமக்காளம் விரித்துக்கொண்டிருந்த கவிநிலா அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மாப்ள வீட்டுக்காரங்க நாலு மணிக்கு வராங்க. நீங்க இன்னும் சட்டைகூடப் போடாம கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டு இருக்கீங்க."

"ரெண்டே நிமிஷம். லாட்ஜ்ல சர்வருக்குச் சூடு ஏறுது."

"அது திருவண்ணாமலைல இருக்குது. நீங்க கீழ்பென்னாத்தூர்ல இருக்கீங்க. இங்கேந்தே ஊதி ஆத்தப் போறீங்களா?"

ஊதி ஆற்ற முடியாது; ஆனால் பார்க்க முடியும். அதுதான் இளவரசனின் பெருமை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால் போதும். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வர் தன் உடம்பில் உள்ள சென்சார் எல்லாவற்றையும் விசாரித்து, உள்ளே எத்தனை டிகிரி சூடு, ஒவ்வொரு ஃபேனும் என்ன வேகத்தில் சுற்றுகிறது, கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று வரிசையாகப் பதில் அனுப்பிவிடும். இந்த மாதம்தான் அதைக் கற்றுக்கொண்டான். அதிலிருந்து சாப்பிடும்போதுகூட எழுந்து போய் ஒரு முறை தட்டிவிட்டு வருகிறான்.

"அந்தப் பொட்டிக்கு ஜுரம் பாக்க நாளைக்குப் பத்து தரம் ஓடறீங்க. போன மாசம் உங்க பொண்ணுக்கு ஜுரம் வந்தப்ப, தெர்மாமீட்டர்னா எப்படி இருக்கும்னு கேட்டீங்க" என்றாள் கவிநிலா.

விஷயம் வேடிக்கை இல்லை. செங்கம் ரோட்டில் உள்ள அந்த லாட்ஜின் முதலாளி ராமகிருஷ்ணன், சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி மூடப்பட்டபோது ஏலத்தில் எடுத்து வந்த சர்வர் அது. கன்றுக்குட்டி அளவு இருக்கும், அடியில் நாலு சக்கரம். பௌர்ணமிக்கு இன்டர்நெட்டில் வரும் ரூம் புக்கிங் எல்லாம் அதற்குள்தான். மாசிப் பௌர்ணமியன்று சூடு தாங்காமல் அது தானாகவே அணைந்துவிட்டது. பங்குனியிலும் அணைந்தது. அன்றைக்கு ஒரே ரூமை நெல்லூர்க் குடும்பத்துக்கும் கும்பகோணம் குடும்பத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். இரண்டு குடும்பமும் முறைவைத்துத் தூங்கின.

"மூணாவது தடவ அணைஞ்சா உனக்கு இங்க வேல இல்ல இளவரசு. முகத்துக்கு நேரா சொல்லிட்டேன்" என்றார் முதலாளி.

அடுத்த பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை வந்த சித்ரா பௌர்ணமி. அதே ஞாயிற்றுக்கிழமைதான் தங்கை எழிலரசியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் இல்லாமல் முடியாது. பௌர்ணமியன்று வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். நினைத்தால் ஓடிப்போய்ப் பார்க்கவும் முடியாது. "நான் வீட்லேந்தே பாத்துக்கறேன் சார்" என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

லாட்ஜுக்குப் போன் போட்டான். இரண்டாவது மாடியைப் பார்த்துக்கொள்ளும் சடையன் எடுத்தார்.

"சடையண்ணா, சர்வர் ரூம்ல ஏசி எத்தனைல ஓடுது?"

"இருவத்தி நாலு சார்."

"இருவதுல வைங்க."

பத்து நிமிடம் கழித்துக் கட்டளையைத் தட்டினான். 41.

அந்த சர்வர் ரூம் முன்பு தங்கும் அறையாக இருந்தது. கட்டில்களை எடுக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்றுவிட்டார். லாட்ஜில் ஏசி இருக்கும் ஒரே அறை. கட்டிலும் இருக்கிறது, ஏசியும் இருக்கிறது என்றால் மத்தியான நேரத்தில் என்ன நடக்கும்? மேனேஜர் ஒரு கட்டிலில், சடையன் இன்னொரு கட்டிலில். அதை நிறுத்தத்தான் இளவரசன் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தான்: 'சர்வர் உள்ளே இருக்கும்போது ஆட்கள் உள்ளே இருக்கக் கூடாது.'

பின்பக்கக் கதவைத் திறந்தால் சின்ன பால்கனி. யுபிஎஸ் பேட்டரிகள் அங்கேதான். சர்வருக்கான ஒயர்கள் அங்கிருந்துதான் வருகின்றன. ஏசியின் வெளி மிஷினும் அங்கேயே ஓடும். அறைக்குள்ளே இருக்கும் சூட்டையெல்லாம் அது வெளியே ஊதித் தள்ளும். சடையன் அதன் முன்னால் கொடி கட்டி, குளித்துவிட்டு வந்தவர்களின் ஈர வேட்டிகளைக் காயப்போடுவார். கால் மணி நேரத்தில் வேட்டி அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் கொடியில் இடம் இல்லாமல் ஈர வேட்டியை சர்வர் மேலேயே போட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெட்டி பக்கமே போகக்கூடாது என்று அவருக்கு உத்தரவு.

இளவரசன் மறுபடியும் போன் போட்டான்.

"அண்ணா, பதினாறுல வைங்க. ஃபேன் ஸ்பீடையும் ஜாஸ்தி பண்ணிடுங்க. ரூம் சில்லுனு இருக்குதா?"

"கதவைத் தொறந்து கைய உட்டுப் பாத்தேன் சார். ஐஸ் மாரி இருக்குது."

"பொட்டிய தொட்டுப் பாத்தீங்களா?"

"அதுங்கிட்ட நான் எதுக்கு சார் போறேன்? நீங்கதான் போகாதன்னு சொல்லிட்டீங்களே." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சடையன் சேர்த்துக்கொண்டார். "அப்புறம் சார், போர்வ கேக்கறாங்க."

லாட்ஜில் யார் யாரோ என்னென்னவோ கேட்பார்கள். அதையெல்லாம் கவுண்டரில் சொல்லுங்கள் என்று போனை வைத்தான்.

44.

இளவரசனுக்கு முதுகில் வியர்வை ஓடியது. அறை ஐஸ் மாதிரி இருக்கிறது என்கிறார். பெட்டிக்கோ சூடு ஏறுகிறது. ஏசியைக் குறைக்கக் குறைக்க எண் கூடுகிறது. ஃபேன்கள் எல்லாம் முழு வேகத்தில் சுற்றுவதாகத் திரை சொன்னது. சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்க நான்கு முறை கட்டளையைத் தட்டினான். நான்கு முறையும் ஏறுமுகமாகவே பதில் வந்தது.

எழிலரசி பட்டுப்புடவையில் வந்து நின்றாள். "அண்ணா, அவங்க வந்து கேட்டா நீ என்ன வேல பாக்கறன்னு சொல்றது? வெயில் பாக்கற வேலன்னா?"

அவன் காதில் விழவில்லை. 47. அப்போதுதான் அவனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"சடையண்ணா, மறைக்காம சொல்லுங்க. உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

சடையன் குரலைத் தாழ்த்தினார்.

"நாலு பேரு சார். ரூம் எல்லாம் ஃபுல்லு. மொதலாளிதான், பாவம் மலை சுத்திட்டு வந்திருக்காங்க, மூணு மணி வரைக்கும் படுத்துட்டுப் போகட்டும்னாரு."

இளவரசனுக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் வந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான். ஒரு மனித உடம்பு என்பது நூறு வாட்ஸ் பல்புக்குச் சமம்; நாலு பேர் என்றால் பெட்டிக்குப் பக்கத்தில் நாலு பல்பை எரியவிட்ட மாதிரி என்று சடையனுக்கு விளக்கினான்.

"பல்பெல்லாம் போர்வ போத்திட்டுப் படுத்திருக்குது சார்."

"எழுப்பி வெளிய அனுப்புங்க. ஏசி அப்படியே ஃபுல்லா ஓடட்டும்."

"சார், வெயிலு கொளுத்துது. அதுல ஒரு அம்மா, கால் வலின்னு..."

"மொதலாளி கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. உடனே அனுப்புங்க."

சடையன் கதவருகில் நின்றே அனுப்பிவிட்டார். போனிலேயே கேட்டது. யாரோ தும்மினார்கள், யாரோ சபித்தார்கள், பாத்திரம் ஒன்று படியில் உருண்டது. இளவரசன் முதலாளிக்கும் போட்டுப் பார்த்தான். பௌர்ணமிக் கூட்டத்தில் அவர் எடுக்கவில்லை.

49. 52. மணி மூன்றேகால் ஆனபோது 55 வந்தது. அதற்கடுத்துத் தட்டியபோது சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை. பெட்டி தானாகவே அணைந்துவிட்டது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள் கவிநிலா.

"முடிஞ்சுது" என்றான் இளவரசன். சட்டையைப் போட்டுக்கொண்டான்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலில் வேன் வந்து நின்றது. சித்திரை வெயிலில் தார் ரோடு பளபளத்துக்கொண்டிருந்தது. வேனிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா சுப்பிரமணி காதை மறைத்துத் துண்டு கட்டியிருந்தார். அக்கா மூக்கை உறிஞ்சினாள். அம்மா தனம், தோளில் ஒரு பச்சைக் கட்டம் போட்ட போர்வையைப் போர்த்தியபடி நொண்டிக்கொண்டு வந்தார். கடைசியாக மாப்பிள்ளை அறிவுச்செல்வன் இறங்கித் தும்மினான்.

அந்தப் பச்சைக் கட்டம் போட்ட போர்வையை இளவரசனுக்கு நன்றாகத் தெரியும். லாட்ஜில் அதுபோல அறுபது இருக்கின்றன.

"வாங்க, வாங்க" என்றான்.

சுப்பிரமணி உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார். ராத்திரி முழுக்க மலை சுற்றியது, காலையில் எங்கும் ரூம் கிடைக்காமல் அலைந்தது, ஒரு நல்ல மனுஷன் இடம் கொடுத்தது, பிறகு குளிரில் உறைய வைத்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி நடு வெயிலில் துரத்தியது எல்லாம் சொன்னார்.

"எவனோ ஒருத்தன் போன்லயே உத்தரவு போடறானாங்க. நாங்க என்னமோ பல்பாம். எங்களால சூடாவுதாம். அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..." மீதியைத் தும்மல் வாங்கிக்கொண்டது.

"இந்தப் போர்வயத் திருப்பிக் குடுக்கவே இல்ல நான். தொரத்தினான் இல்ல, கெடக்கட்டும்" என்றார் தனம்.

கவிநிலா கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அவள் எல்லாப் போன் பேச்சையும் கேட்டிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, எல்லாருக்கும் சுக்குக் காபி போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனாள்.

"தம்பி எங்க வேல பாக்கறீங்க? கம்ப்யூட்டர்னு தரகர் சொன்னாரு" என்றார் சுப்பிரமணி.

"டவுன்லங்க."

"டவுன்ல எங்க?"

அடுக்களையிலிருந்து கவிநிலா குரல் கொடுத்தாள்.

"அவரு எங்கயும் போகவே வேணாங்க மாமா. எல்லாம் இங்கேந்தே பாத்துடுவாரு."

சுக்குக் காபியை எழிலரசி கொண்டுவந்தாள். சூடான டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்ட தனத்தின் முகம் அன்றைக்கு முதல் முறையாக மலர்ந்தது. மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். எழிலரசியும் பார்த்தாள். போளூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியார் என்றார்கள். குனிந்த தலை, மெதுவான பேச்சு, சட்டைப் பையில் இரண்டு பேனா. உள்ளே போன எழிலரசி அண்ணியிடம் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

"நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி பூ வெச்சிடலாம்" என்றார் தனம். போர்வையைக் கழற்றி வைத்துவிட்டுத் தாமே எழுந்து வைத்தார். இளவரசனும் சுப்பிரமணியும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். இளவரசனுக்கு அப்பாடா என்றிருந்தது. தங்கை விஷயமாவது தப்பியது.

அப்போது போன் அடித்தது. முதலாளி. இளவரசன் தோட்டத்துப் பக்கம் போனான்.

"பொட்டி அணைஞ்சு போச்சு. கவுண்டர்ல நாப்பது பேரு நிக்கறாங்க, எவனுக்கு எந்த ரூம்னு தெரியல. மேல ஏறிப் பாக்கக்கூட எனக்கு நேரம் இல்ல. நான் தங்க வெச்சவங்கள நீ தொரத்திட்டயாமே. தொரத்தியும் ஏன் சூடாச்சு?"

"அதான் சார் எனக்கும் புரியல."

"காலைல எட்டு மணிக்கு வா. வந்து, தப்பு ஏசி மேலயா, சடையன் மேலயா, உன் மேலயா, யார் மேலன்னு பேரச் சொல்லு. சொன்னா வேல இருக்குது. சொல்லத் தெரியலன்னா சாவிய வெச்சிட்டுப் போ."

இளவரசன் திரும்பி வந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அறிவுச்செல்வனுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பெரியவர்கள் முகூர்த்த நாள் பேசிக்கொண்டிருக்க, அதுவரை வாயே திறக்காதவன் மெல்லச் சாய்ந்து பேசினான்.

"மச்சான், அந்த லாட்ஜ்காரர எங்கப்பா ரொம்பத்தான் திட்டிட்டாரு. பாவம், அவரு மேல தப்பு இல்ல. சர்வர் உள்ள இருக்கும்போது ஆளுங்க உள்ள இருக்கக் கூடாதுன்னு கதவுலயே எழுதி ஒட்டி இருந்தாரு. எனக்கு நோட்டீஸ்னா மதிக்கணும். அதான் நாங்க படுக்கறதுக்கு முன்னாடியே, ஒரு ஒயரக்கூடக் கழட்டாம, அந்தப் பொட்டிய அலுங்காம வெளிய உருட்டிட்டுப் போய் வெச்சேன்."

"வெளியன்னா?" என்றான் இளவரசன்.

"பின்னாடி பால்கனிலதான். அங்க பெரிய ஃபேன் ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு. நல்லா காத்து வரட்டுமேன்னு, சரியா அதுக்கு முன்னாடியே வெச்சிட்டேன்."